மும்பை மாநகரில் ஓய்வுக்கான இடங்கள்

பெருநகரங்களைப் பற்றிய ஆய்வுகளில் துறைமுகம், தொழில், வீட்டு வசதி, போக்குவரத்து ஆகியவை முதலிடம் பெறுவது இயல்பு. உழைத்துக் களைத்த மக்கள் மாலைப் பொழுதையும் விடுமுறை நாளையும் எங்கே கழிக்கிறார்கள் என்பது அவ்வளவாக ஆராயப்படுவதில்லை. நிலத்தின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்ட நகரத்தில் ஓய்வுக்கான இடமும் திட்டமிடுதலுக்கு உரிய பொருளே ஆகும்.

மும்பை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெருமும்பையின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 24 லட்சம். அவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்து வந்தனர். பூங்கா, மைதானம் போன்ற திறந்த வெளி ஆளொன்றுக்கு 2 சதுர மீட்டருக்கும் குறைவு. மத்திய அரசின் நகரமைப்பு வழிகாட்டு நெறிகளோ 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வேண்டுமென்கின்றன. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழும் 'சால்' குடியிருப்புகளைக் கொண்ட நகரில், வீட்டுக்கு இல்லாத முற்றத்தைக் கடற்கரையே ஈடு செய்கிறது. கிர்காவ் சௌபாத்தியில் மாலையில் கூடும் கூட்டத்தைப் பயணிகள் கூட்டம் என்று கருதுவது தவறு. அவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் மக்கள்.

கடலிலிருந்து பெற்ற நிலம்

ஏழு தீவுகளாகச் சிதறிக் கிடந்த நிலப்பரப்பை ஒன்றிணைக்கும் பணி 18ஆம் நூற்றாண்டில் ஊக்கம் பெற்றது. மகாலட்சுமிக்கும் வர்லிக்கும் இடையே கடல் புகுவதைத் தடுத்த ஹார்ன்பி அணை அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கட்டி முடிக்கப்பட்டது. 1860களில் ஆளுநர் பார்ட்டில் ஃபிரேர் காலத்தில் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய வேண்டும் என்பதற்காகக் கட்டடமின்றி விடப்பட்டிருந்த கோட்டைவெளியே இன்று ஓவல், கிராஸ், ஆசாத், கூப்பரேஜ் மைதானங்களாக எஞ்சியுள்ளது. போர்த் தேவைக்காக ஒதுக்கிய நிலம் பின்னர் சிறுவர்களின் விளையாட்டுக்குப் பயன்பட்டது நகரத்தின் நற்பேறு எனலாம்.

மரீன் டிரைவ் கரையோரச் சாலையும் கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில் அமைந்ததே. சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள இந்த அரைவட்டக் கரையில் அமர்ந்து காற்று வாங்கக் கட்டணம் ஏதுமில்லை. இங்குள்ள 'ஆர்ட் டெக்கோ' பாணிக் கட்டடங்களும், ஓவல் மைதானத்தையொட்டிய விக்டோரியா காலக் கட்டடங்களும் 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1920களில் நடைபெற்ற பேக் பே தூர்ப்புப் பணியில் பொதுப்பணம் விரயமானதை அம்பலப்படுத்தியவர் கே. எஃப். நரிமன். அவர் பெயரால் வழங்கும் நரிமன் முனையும் பின்னாளில் தூர்க்கப்பட்ட நிலமே என்பதும், வாடகை மிகுந்த அலுவலகப் பகுதியாக அது உருவெடுத்ததும் வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

படகுப் பயணம்

வெளியூரிலிருந்து வருவோர் முதலில் நாடுவது இந்தியாவின் நுழைவாயில். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911ஆம் ஆண்டு வருகையின் நினைவாக ஜார்ஜ் விட்டெட் வடிவமைத்த இவ்வளைவு 1924இல் திறக்கப்பட்டது. 1948 பிப்ரவரியில் இறுதியாக வெளியேறிய பிரிட்டிஷ் படைப்பிரிவு இவ்வாயில் வழியாகவே கப்பலேறிச் சென்றது. வரவேற்புக்காகக் கட்டியது வழியனுப்பவும் உதவிற்று.

இவ்விடத்திலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றால் எலிஃபண்டா தீவை அடையலாம். உள்ளூர் மக்கள் இதனைக் காராபுரி என்பர். பெருங்குகையின் பின்சுவரில் மூன்று முகங்களுடன் சுமார் 6 மீட்டர் உயரத்தில் நிற்கும் சதாசிவ வடிவம் இந்தியச் சிற்பக் கலையின் சிகரங்களுள் ஒன்று. அர்த்தநாரி, கங்காதரர், கல்யாண சுந்தரர், நடராசர் எனத் தமிழகக் கோயில்களில் கண்டு பழகிய வடிவங்கள் வேறொரு கைவண்ணத்தில் இங்கே காணப்படுவதால் தமிழ் மாணவருக்கு இக்குகை தனிச்சிறப்பு வாய்ந்தது. தூண்களும் சிற்பங்களும் பலவாறு சிதைந்துள்ளன. 1987இல் இக்குகைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. எனினும் தீவில் உள்ள மூன்று சிற்றூர்களுக்கு நிலையான மின்சாரம் வந்தது 2018இல், கடலடியில் பதித்த கம்பி வழியாகத்தான். உலகமே வந்து பார்த்துச் செல்லும் இடத்தில் வாழ்வோர் நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் வரை மாலையில் சில மணி நேர ஜெனரேட்டர் வெளிச்சத்தையே நம்பியிருந்தனர். சுற்றுலா வளர்ச்சியின் பயன் யாருக்குச் சேர்கிறது என்ற கேள்வியை இது எழுப்புகிறது.

பயணப் பாதுகாப்பும் அலுவலர்கள் கருத்தில் கொள்ள வேண்டியதே. 2024 டிசம்பரில் இத்தீவுக்குச் சென்ற பயணிகள் படகு மீது கடற்படையின் விரைவுப் படகு மோதியதில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே பயணிகள் உயிர்காப்பு உடை அணிவது வலியுறுத்தப்பட்டது. திங்கட்கிழமைகளில் குகைகள் மூடப்பட்டிருக்கும்.

ஜுஹு, அக்ஸா முதலிய கரைகளிலும் எச்சரிக்கை தேவை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலைகள் சீற்றம் கொள்கின்றன, 4.5 மீட்டருக்கு மேல் கடல் ஏற்றம் நிகழும் நாள்களின் பட்டியலை மாநகராட்சி முன்கூட்டியே வெளியிடுகிறது. நீச்சல் அறியாமல் இறங்கும் இளைஞர்கள் உயிரிழப்பது ஏறக்குறைய ஆண்டுதோறும் செய்தியாகிறது.

மைதானங்களும் அரங்குகளும்

மும்பையில் கிரிக்கெட் ஆட்டம் வேரூன்றியதற்கு மைதானங்களே காரணம். ஒரே பரப்பில் பல ஆட்டங்கள் ஒன்றையொன்று ஊடுருவி நடைபெறும். ஓர் ஆட்டத்தின் எல்லைக்கோட்டுக் காவலர் அடுத்த ஆட்டத்தின் பந்து வீச்சாளருக்கு அருகில் நிற்பார். 1988இல் பள்ளி மாணவர்களாயிருந்த டெண்டுல்கரும் காம்ப்ளியும் பிரிக்கப்படாமல் 664 ஓட்டங்கள் குவித்தது ஆசாத் மைதானத்தில்தான். 1948 முதல் மழைக்காலத்திலேயே நடத்தப்பட்டு வரும் காங்கா லீக் ஆட்டங்கள் இந்நகருக்கே உரியவை. தாதரில் உள்ள சிவாஜி பூங்கா 1925இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

1896இல் பரவிய பிளேக் நோயையடுத்து 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அது உருவாக்கிய தாதர்–மாதுங்கா திட்டத்தில் அகன்ற சாலைகளும் ஐந்து தோட்டங்களும் இடம்பெற்றன. இம்மாதுங்காப் பகுதியில் தமிழர் பெருமளவில் குடியேறினர். 1952இல் தோன்றிய சண்முகானந்த சங்கீத சபை 1963இல் பேரரங்கு ஒன்றைக் கட்டியது. 1990இல் தீக்கிரையாகி 1998இல் மீண்டும் திறக்கப்பட்ட அவ்வரங்கில் 2,700க்கும் மேற்பட்டோர் அமர்ந்து இசை கேட்கலாம். ஜுஹுவில் 1978 முதல் இயங்கும் பிருத்வி அரங்கு அளவில் சிறியது. நாடகத்துறையில் அதன் பங்கு பெரியது.

மாணவர்களுக்குப் பயன்தரும் இடங்களாக நேரு கோளரங்கம், வர்லியிலுள்ள நேரு அறிவியல் மையம், 1922இல் திறக்கப்பட்டு இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் பெயரால் வழங்கும் அருங்காட்சியகம், பைகுல்லாவில் மக்கள் 'ராணி பாக்' என்றழைக்கும் உயிரியல் பூங்கா ஆகியவற்றைக் குறிப்பிடலாம். நகர எல்லைக்குள்ளேயே சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா விரிந்துள்ளது. அதனுள் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகளைக் கொண்ட கன்ஹேரியும், நகருக்குக் குடிநீர் தரும் விஹார், துளசி ஏரிகளும் உள்ளன. சிறுத்தைகள் வாழும் இக்காட்டின் ஓரம்வரை குடியிருப்புகள் நெருங்கிவிட்டன.

ஆலை நிலம்

மும்பையின் அண்மைக்கால வரலாற்றில் திறந்த வெளிக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு ஆலை நிலங்களால் வந்தது. நகரின் நடுவே பரேல், லால்பாக் பகுதிகளில் 58 பஞ்சாலைகள் ஏறத்தாழ 600 ஏக்கர் நிலத்தைக் கொண்டிருந்தன. கபடி, உடற்பயிற்சிக் கூடங்கள், தமாஷா கூத்து, விநாயகர் விழா எனத் தொழிலாளரின் பொழுதுபோக்குகள் செழித்த பகுதி அது. 1982 ஜனவரியில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் பல ஆலைகள் மீண்டு எழவில்லை.

1991ஆம் ஆண்டு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, ஆலை நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால் மூன்றிலொரு பங்கு திறந்த வெளிக்காக மாநகராட்சிக்கும், மற்றொரு பங்கு பொது வீட்டு வசதிக்கும் சேர வேண்டும், எஞ்சியதே உரிமையாளருக்கு. 1996இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு, நிலங்களைத் துண்டு துண்டாக விடாமல் ஒருங்கிணைத்துத் திட்டமிட வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 2001இல் விதி திருத்தப்பட்டது. கட்டடமின்றிக் காலியாக இருக்கும் நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றாயிற்று. பெரும்பாலான ஆலைகளில் காலி நிலம் சிறிதளவே இருந்தமையால் பொதுமக்களின் பங்கு வெகுவாகச் சுருங்கியது. 2005இல் உயர் நீதிமன்றம் சுற்றுச்சூழல் அமைப்பின் வழக்கை ஏற்றது. 2006இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றித் திருத்தத்தைச் செல்லுபடியாக்கியது. ஆலைகள் இருந்த இடங்களில் வணிக வளாகங்களும் அடுக்கு மாளிகைகளும் எழுந்தன. அங்கும் பொழுதுபோக்கு உண்டு. உள்ளே செல்லப் பணப்பை கனமாக இருக்க வேண்டும். விதியில் ஒரு சொற்றொடரை மாற்றுவதால் ஒரு நகரம் எத்தனை பூங்காக்களை இழக்கக்கூடும் என்பதை நகரமைப்பு பயில்வோர் இவ்வழக்கில் நன்கு காணலாம்.

மீட்கப்பட்ட இடங்கள்

இதற்கு மாறான முயற்சிகளும் உள்ளன. தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் நகரக் குப்பை கொட்டப்பட்ட சுமார் 37 ஏக்கர் நிலம் மண்ணிட்டு மரம் நட்டுச் சீராக்கப்பட்டு, 1994இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குப்பைமேட்டின் மீது காடு வளரும் என்பதற்கு இது கண்கூடான சான்று. வெர்சோவா கடற்கரையில் 2015 அக்டோபரில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா தொடங்கிய துப்புரவுப் பணியில் பொதுமக்கள் வாரந்தோறும் பங்கேற்றனர். 2018இல் அங்கே ஆமைக் குஞ்சுகள் கடலை நோக்கி ஊர்ந்து சென்றன. பாந்த்ராவின் கரையோர நடைபாதைகள் உருவானதிலும் குடியிருப்போர் சங்கங்களுக்குப் பங்கு உண்டு.

கிழக்குக் கரையில், துறைமுகக் கிடங்குகளுக்கும் எண்ணெய்த் தொட்டிகளுக்கும் நடுவே உள்ள சிவ்ரி சேற்று நிலங்களுக்குப் பனிக்காலம் முதல் கோடைவரை பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. தாணே கடற்கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. சிவ்ரியிலிருந்தே புறப்படும் 'அடல் சேது' கடற்பாலம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. பறவைகளைக் காண விரும்புவோர் கடல் ஏற்ற இறக்க நேரங்களை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்; நீர் வடிந்து சேறு வெளிப்படும்போதுதான் அவை இரை தேடக் கூடும். கழியின் மறுகரையில் ஐரோலியிலுள்ள வனத்துறை மையத்திலிருந்து படகில் சென்றும் அவற்றைக் காணலாம்.