பத்திரிகைக்கு ஒன்று, கலம்காரிக்கு வேறொன்று: சித்தூர், திருப்பதி டிசைனர்களுக்கு ஏஐ வழிகாட்டி

சித்தூரில் டிசைனர் என்றால் அச்சகத்திலோ ஃப்ளெக்ஸ் கடையிலோ கோரல் டிராவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பவர். காளஹஸ்தியில் அதே வேலையைச் செய்கிறவர் கரிக்குச்சியோடு காடாத் துணிமேல் குனிந்திருப்பார். வெங்கடகிரியில் சேலைக் கரைக்குப் பூவும் புட்டாவும் போட்டுக் கொடுப்பவர். 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிந்தபோது சித்தூரிலிருந்து காளஹஸ்தியும் நெல்லூரிலிருந்து வெங்கடகிரியும் திருப்பதி பக்கம் போய்விட்டன. ஆனாலும் மூன்று தொழிலிலும் இப்போது ஒரே கேள்விதான்: எந்த ஏஐ நல்லது, எதற்குக் காசு கட்டலாம்?

இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. உங்கள் வேலையில் நேரம் எங்கே கரைகிறது என்று முதலில் பாருங்கள். வாடிக்கையாளர் மனதில் இருப்பதைப் பிடிப்பதிலா, வாட்ஸ்அப்பில் வந்த மங்கல் போட்டோவைத் தேற்றுவதிலா, ஒரே உருவைப் பத்து நிறத்தில் போட்டுக் காட்டுவதிலா? ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு. என் கட்சி இதுதான்: வாடிக்கையாளர் சரி சொல்லும்வரை உள்ள வேலையில் ஏஐயைத் தாராளமாகப் புழங்குங்கள். சரி சொன்ன பிறகு அச்சுக்கோ துணிக்கோ போகிற எழுத்தையும் கோட்டையும் அதன் கையில் விடாதீர்கள்.

அச்சகமும் ஃப்ளெக்ஸ் கடையும்

இங்கே போட்டி மூன்று வகைக்குள். சொன்னதைப் படமாக்கித் தரும் சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை ஒரு வகை. வார்ப்புருக்களோடு ஏஐயும் சேர்ந்து வரும் கேன்வா இரண்டாவது. போட்டோஷாப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் அடோபி ஃபயர்ஃபிளை மூன்றாவது.

வாடிக்கையாளரை எதிரே உட்கார வைத்துப் பேசிக்கொண்டே நாலு மாதிரி காட்ட முதல் வகைதான் சரி. "கோயில் கோபுரம் பின்னால தெரியணும், மாம்பழக் கலர்ல இருக்கணும்" என்று அவர் சொல்வது நிமிடத்தில் திரைக்கு வந்துவிடும். அதையே அச்சுக்கு அனுப்பும்போதுதான் வம்பு. இவை தரும் படம் பல நேரம் ஆயிரத்துச் சொச்சம் புள்ளி அகலத்தில்தான் இருக்கும். 1,024 புள்ளிப் படத்தை 300 புள்ளித் தரத்தில் பத்திரிகையில் அச்சிட்டால் மூன்றரை அங்குலம்கூட வராது. பத்தடி ஃப்ளெக்ஸ் என்றால் 120 அங்குலம். தூரத்திலிருந்து பார்ப்பதுதானே என்று 72 புள்ளியே வைத்தாலும் 8,640 புள்ளி வேண்டும். அப்ஸ்கேல் போன்ற இலவச மென்பொருளால் படத்தைப் பெரிதாக்கலாம். பூ, கோபுரம், மேகம் என்றால் தாங்கும். முகம் தாங்காது. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வந்த பழைய படத்தை ஏஐ தெளிவாக்கும்போது, இல்லாத விவரத்தைத் தானே கற்பித்து நிரப்புகிறது. தாத்தா பளிச்சென்று வருவார், ஆனால் வேறு யாரோ தாத்தாவாக இருப்பார். படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்வதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

அடுத்தது எழுத்து. சித்தூர், நகரி, குப்பம் பக்கம் ஒரே பத்திரிகையில் தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் மூன்றும் வருவது சகஜம். படம் வரையும் ஏஐகள் முன்பு நம் எழுத்துகளைக் கொலை செய்தன. புதியவை தலைப்பு வரியையாவது ஓரளவு ஒழுங்காக எழுதுகின்றன. ஆனாலும் அது எழுத்தின் படமே தவிர எழுத்து அல்ல. முகூர்த்த நேரம் மாறினாலோ, சித்தப்பா பெயர் விட்டுப்போனதென்று கடைசி நேரத்தில் ஆள் வந்து நின்றாலோ, ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. திரும்ப வரையச் சொன்னால் மற்ற இடங்களும் மாறிப்போகலாம். ஆகவே பின்னணியை மட்டும் ஏஐயிடம் வாங்கி, எழுத்தை நீங்களே அடியுங்கள். போட்டோஷாப்பின் பழைய பதிப்பில் தமிழ்க் கொம்பும் காலும் பிரிந்து நின்றால் எழுத்துருவைத் திட்ட வேண்டாம். விருப்பத்தேர்வுகளில் 'டைப்' பகுதிக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தால் சரியாகும். சாட்ஜிபிடி எழுதித் தரும் வாசகம் யூனிகோடில் வருவதால், அதை அப்படியே அனு போன்ற பழைய தெலுங்கு எழுத்துருவில் ஒட்டினால் குப்பையாகத் தெரியும். இடையில் ஒரு மாற்றி வேண்டும். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றச் சொன்னால் உறவுமுறைகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் ஆங்கிலத்தில் ஒரே 'அங்கிள்' என்பதால், ஏஐ அங்கே தடுமாறுவது இயல்பு.

திருப்பதியில் தொழில் செய்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய கண்டம் சுவாமி படம். வேங்கடவனுக்கு மேல் வலக்கையில் சக்கரம், மேல் இடக்கையில் சங்கு, கீழ் வலக்கை பாதத்தைக் காட்டும், கீழ் இடக்கை இடுப்பருகே இருக்கும். ஏஐக்கு இந்த இலக்கணம் ஒரு பொருட்டே இல்லை. சங்கும் சக்கரமும் இடம் மாறும், ஆறாவது விரல் முளைக்கும், திருமலை நாமம் வடகலை நாமமாகவோ தென்கலை நாமமாகவோ உருமாறும். காணிப்பாக்கம் விநாயகர் வேண்டும் என்றால் நாட்காட்டிப் பிள்ளையார் ஒருவர் வந்து நிற்பார். பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் பாட்டி முதலில் பார்ப்பது இதைத்தான். உரிமையோடு கிடைத்த ஒரு நல்ல படத்தை வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள தோரணத்தையும் தூணையும் மட்டும் ஏஐயிடம் கேளுங்கள். வடிவமைப்பில் இடம் பத்தவில்லை என்று படத்தை இடவலமாகத் திருப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்; அந்தத் தவறுக்கு ஏஐகூடத் தேவையில்லை.

காசு கட்டுவது என்றால் எதற்கு? தினமும் போட்டோ வேலை பார்க்கிற கடைக்குப் போட்டோஷாப்தான். செல்போனில் நெட்டுக்குத்தாக எடுத்த படத்தை அகல ஃப்ளெக்ஸுக்கு இழுக்கும்போது இரண்டு பக்கமும் காலியாக நிற்கும் இடத்தை அதன் 'ஜெனரேட்டிவ் எக்ஸ்பாண்ட்' பொருத்தமாக நிரப்பிவிடும். முன்பு அரை மணி நேரம் குளோன் ஸ்டாம்பை வைத்துத் தேய்த்த வேலை அது. ஃபயர்ஃபிளையை அடோபி ஸ்டாக் படங்களையும் உரிமை தீர்ந்த படங்களையும் கொண்டு பயிற்றியதாக நிறுவனம் சொல்வதால், மாங்கூழ் ஏற்றுமதி நிறுவனத்துக்கு லேபிள் செய்கிறவர்களுக்கு அது கூடுதல் தெம்பு. கேன்வா, கடையே இல்லாமல் வீட்டிலிருந்து இன்ஸ்டாகிராம் போஸ்டர், பிறந்தநாள் அட்டை செய்கிறவர்களுக்குப் போதும். கோரலில் பத்து வருடம் பழகிய கை அதில் எரிச்சல்தான் படும். முதல் வகைக்கு இப்போதைக்கு இலவசத் திட்டமே போதும் என்பேன்.

காளஹஸ்தியில் கதை வேறு

கலம்காரியில் ஏஐ என்றதும் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள், பாதிப் பேர் துள்ளுகிறார்கள். வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் இரண்டுமே அவசரம் என்று தெரியும்.

துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காய வைப்பார்கள். பாலின் கொழுப்பு, மை பரவாமல் பிடித்துக்கொள்ளும். புளியங்குச்சிக் கரியால் கோடு இழுத்து, துணியோ கம்பளியோ சுற்றிய மூங்கில் கலத்தால் அதன்மேல் கருப்பு எழுதுவார்கள். அந்தக் கருப்பு, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் வாரக்கணக்கில் ஊறவைத்து எடுத்தது. கடுக்காயில் உள்ள துவர்ப்போடு சேரும்போதுதான் அது கருக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் முதலில் வெறும் படிகார நீர். அப்போது அங்கே சிவப்பே தெரியாது. மஞ்சிட்டி போன்ற வேர்களோடு துணி கொதிக்கும்போதுதான் நிறம் ஏறும். பிறகு பொன்முகலி ஆற்றின் ஓடுநீரில் அலசல். ஆக, கலைஞருக்கே கொதித்து முடியும்வரை கண்ணில் படாத சிவப்பை, திரையில் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஏஐ காட்டும் நிறம் ஒரு விருப்பம் மட்டுமே; வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் படத்தைக் காட்ட வேண்டும்.

அப்படியானால் எதற்குத்தான் உதவும்? கட்டம் பிரிப்பதற்கு. ராமாயணத் திரைச்சீலையில் நடுவே பட்டாபிஷேகம், சுற்றி எத்தனை காட்சி, எந்த வரிசை, கரை எவ்வளவு அகலம் என்று ஏழெட்டு அமைப்பை வரைந்து பார்க்க நாள் பிடிக்கும். ஏஐயில் அரை மணி போதும். துப்பட்டாவில் கரை விழும் இடத்தை, அணிந்தவர் மேல் போட்டுக் காட்டலாம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விவரக் குறிப்பு எழுதலாம். உருவத்தை வரையச் சொன்னால்தான் கெடுகிறது. கலம்காரியின் உயிர் தட்டை நிறத்திலும் கோட்டிலும் இருக்கிறது. ஏஐ ஒளியும் நிழலும் பூசி, முகத்தை நாட்காட்டி ஓவியம்போல உருண்டையாக்கிவிடும். தெய்வங்களுக்கு நீலம், பெண்களுக்கு மஞ்சள், அரக்கருக்குச் சிவப்பும் பச்சையும் என்ற மரபும் நீங்கள் சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது.

கருவியைத் தேர்வதில் இங்கே அளவுகோலே மாறுகிறது. அழகாக வரைவதில் மிட்ஜர்னிக்குப் பெயர் அதிகம். ஆனால் அதன் தொடக்கநிலைத் திட்டங்களில் நீங்கள் கேட்டதும் அது வரைந்ததும் பொதுவில் எல்லார் கண்ணிலும் படும். மறைத்து வைக்க மேல்நிலைத் திட்டம் வாங்க வேண்டும். இது வெறும் கூச்சப் பிரச்சினை அல்ல. 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி பதிவுசெய்த வடிவத்துக்குப் பத்தாண்டும், நீட்டித்தால் இன்னும் ஐந்தாண்டும் பாதுகாப்பு உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே பொதுவில் வெளியான வடிவம் அந்தத் தகுதியை இழந்துவிடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாலும் இதே ஆபத்துதான்.

ஆகவே தலைமுறையாக வரைந்த உருப்படிகள் வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, சொந்தக் கணினியில் ஓடும் ஏஐ. 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் இலவசம். கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளோடு அதை இணைக்கலாம். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு ஆறு ஜிபி நினைவகத்தோடாவது வேண்டும். எட்டு இருந்தால் நிம்மதி. செலவு அதில்தான். ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்குக் 'கன்ட்ரோல்நெட்' என்றொரு துணை உண்டு. உங்கள் கோட்டோவியத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால், கோட்டை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டும். வீட்டுப் படங்கள் இருபது முப்பதை வைத்து உங்கள் பாணியை அதற்குப் பழக்கவும் முடியும். எதுவும் வீட்டை விட்டு வெளியே போகாது. அமைப்பதற்குக் கணினி தெரிந்த பிள்ளை ஒருவர் வேண்டும். அது ஒன்றுதான் குறை.

1950-களின் கடைசியில் கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியில் காளஹஸ்தியில் பயிற்சி மையம் வந்திராவிட்டால் இந்தக் கலையே தேய்ந்திருக்கும். அந்த மரபில் வந்த ஜொன்னலகட்டா குரப்பச் செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. காளஹஸ்தி கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஏஐயில் செய்த உருவை டிஜிட்டல் பிரிண்ட் எடுத்து 'கலம்காரி' என்று விற்பது இனி இன்னும் எளிது என்பதால், அந்தப் பெயரை அப்படிப் புழங்குவதில் நான் கறாராகவே இருப்பேன். பிரிண்டை 'பிரிண்ட்' என்றே விற்கலாம், அதற்கும் ஆள் இருக்கிறார்கள். இதே எச்சரிக்கை இனிப்புக் கடை லேபிளுக்கும் பொருந்தும். திருப்பதி லட்டு 2009-லிருந்து தேவஸ்தானத்தின் புவிசார் குறியீடு. ஏஐ சும்மா எழுதித் தருகிறதே என்று அந்தப் பெயரைப் பெட்டியில் போட்டுவிடக் கூடாது.

தறிக்கு

வெங்கடகிரி ஜாம்தானி புட்டாவோ நகரி விசைத்தறிக் கரையோ, கடைசியில் எல்லாம் கட்டத்தாள்தான்: ஒரு கட்டம், ஒரு இழை. ஏஐ படத்தில் ஆயிரக்கணக்கான நிறம் இருக்கும், தறியில் மூன்றோ நான்கோ. எனவே பூவுக்கு யோசனை மட்டும் ஏஐயிடம் வாங்கிக்கொண்டு, நிறத்தைக் குறைத்துக் கட்டத்தில் ஏற்றும் வேலையை டிஜிபுனாயில் செய்யுங்கள். மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் ஜக்கார்டு, டாபி தறிகளுக்காகவே உருவாக்கிய இலவச மென்பொருள் அது. இங்கே வேறு எதற்கும் காசு கட்டத் தேவையில்லை.

உரிமையும் கூலியும்

கணினியால் உருவாகும் படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்று நம் பதிப்புரிமைச் சட்டம் 1994 திருத்தத்திலிருந்து சொல்கிறது. ஆனால் அது இன்றைய ஏஐயை நினைத்து எழுதியது அல்ல. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமோ 2025 மார்ச்சில், மனித ஆசிரியர் இல்லாத படைப்புக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. ஏற்றுமதி ஆர்டர் எடுப்பவர்கள் கைவரைவுகளையும் இடைப்பட்ட கோப்புகளையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். உங்கள் கை எங்கே பட்டது என்று காட்ட அவை உதவும். வாடிக்கையாளரின் குடும்பப் படங்களை ஏற்றும் முன் சாட்ஜிபிடியின் தரவு அமைப்பில், பயிற்சிக்குப் பயன்படுத்தும் தேர்வை அணைத்துவிடுங்கள்.

ஏஐ வந்ததும் வாடிக்கையாளர்கள், கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறதே என்று கூலியைக் குறைக்கச் சொல்கிறார்கள். கூடவே பதினைந்து மாதிரி கேட்கிறார்கள். பதினைந்தைக் காட்டினால் அவர் எதையும் தேர்ந்தெடுக்க மாட்டார். நீங்களே வடிகட்டி மூன்றை மட்டும் காட்டுங்கள். நான்காவதிலிருந்து தனிக் கட்டணம், ப்ரூஃப் கையெழுத்தான பிறகு எழுத்து மாற்றினால் அதற்கும் கட்டணம் என்று அட்வான்ஸ் ரசீதிலேயே அச்சடித்து வைத்துவிடுங்கள்.