தேங்காயும் ஏவூர்தியும்

கிழக்கேகோட்டையில் பேருந்தை விட்டு இறங்கிச் சிறிது தொலைவு நடந்தால் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் தோன்றும். தேங்காய் சிதறும் ஓசை அங்கே ஓயாது கேட்கும். இக்கோயிலைப் பராமரிப்பது இந்தியத் தரைப்படை. தேர்வெழுதும் மாணவர் தேங்காய் உடைக்கும் அதே இடத்தில் மருத்துவரும் பொறியாளரும் உடைக்கின்றனர். கணக்கையும் சான்றையும் கொண்டு தொழில் செய்வோர்க்குக் கோயிலில் என்ன வேலை? இவ்வினாவுக்கு விடை தேட இந்நகரைவிடப் பொருத்தமான இடம் அரிது.

நகரின் வடமேற்கே, கடலோரத்தில் உள்ளது தும்பா. புவிகாந்த நடுக்கோடு அவ்வூரை ஒட்டிச் செல்வதால், மேல்வளிமண்டலத்தை ஆராயும் ஏவூர்திகளைச் செலுத்த அதுவே தக்க இடம் என விக்ரம் சாராபாயும் பிற அறிஞரும் தேர்ந்தனர். அங்கோ, மீனவர் வழிபட்டு வந்த தூய மரிய மகதலேனா தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா மக்களின் இசைவைப் பெற்று, ஆலயத்தை ஆய்வுக்கு அளித்தார். வழிபாட்டுக்கூடமே தம் முதல் ஆய்வுக்கூடமாயிற்று என்று அப்துல் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறுகிறார். சமணக் குடும்பத்தில் பிறந்தவர் சாராபாய். இராமேசுவரத்து இசுலாமியர் கலாம். இடம் தந்தவர்கள் கிறித்தவர்கள். தம் ஊரை விட்டுப் பெயர்ந்த அம்மீனவரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி பறந்தது. ஏவூர்தியின் பாகத்தை மிதிவண்டியில் வைத்துத் தள்ளிச் சென்ற காலம் அது! அவ்வாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது.

பின்னாளில் விண்வெளித் துறைத் தலைவர்கள் ஏவுதலுக்கு முன் ஏவூர்தியின் சிறு மாதிரியைத் திருப்பதியில் வைத்து வணங்குவது வழக்கமாயிற்று. வேதியியல் அறிஞர் சி. என். ஆர். ராவ் 2013-இல் இதனை மூடநம்பிக்கை என்று கண்டித்தார். மாறாக, 2023-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கிய சில நாள்களில், அன்றைய தலைவர் சோமநாத் இந்நகரை அடுத்த வெங்ஙானூரில் உள்ள பத்திரகாளி கோயிலுக்குச் சென்றார். அறிவியல், ஆன்மிகம் இரண்டையும் தேடுவது தம் வாழ்க்கைப் பயணம் என்றார்.

இருவருள் யார் கூற்று சரி என்று தீர்ப்பதைவிட, ஏவுதல் தோற்கும்போது என்ன நிகழ்கிறது என்று காண்பதே பயன் தரும். 1979 ஆகஸ்டு 10 அன்று, கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி சில நிமிடங்களில் வங்கக்கடலில் வீழ்ந்தது. குறை எங்கே என்று அறிவியலாளர் துருவினர். இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஓர் அடைப்பிதழ் சரியாக மூடாமல் அமிலம் கசிந்ததே காரணம் என்று கண்டறிந்தனர். வழிபாட்டில் குறை நேர்ந்ததா என்று எந்தக் குழுவும் ஆராயவில்லை. அடைப்பிதழின் குறை நீக்கப்பட்டது. 1980 ஜூலை 18 அன்று அதே வகை ஏவூர்தி ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது.

பயிற்சி

அ) பிரித்து எழுதுக: ஏவூர்தி, வழிபாட்டுக்கூடம், அவ்வாலயம்.

ஆ) ராவ், சோமநாத் ஆகியோருள் எவர் கருத்தை நீ ஏற்கிறாய்? காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.

இ) முக்கியமான செயல் தொடங்கும் முன் உன் வீட்டில் பின்பற்றும் வழக்கம் ஒன்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. அச்செயல் தவறியபோது அவர்கள் எதனைத் திருத்தினர் என்பதையும் கேள்.