தனிநபர் இணையதளங்களும் ரசிகர் சமூக உருவாக்கமும்: ஜியோசிட்டீஸ் காலத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்
1990களின் பிற்பகுதியில் மேலைநாட்டு ரசிகர்கள் அமைத்த தனிநபர் இணையதளங்கள் தனித்தனி வெளிப்பாடுகளாகத் தோன்றினும், அவை ஒன்றோடொன்று இணைந்து சமூகமாகச் செயல்பட்டன. அவ்விணைப்பு எவ்வாறு நிகழ்ந்தது, எதனால் சிதைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ரசிகர் சமூகம், தனிநபர் இணையதளம், ஜியோசிட்டீஸ், வலைவளையம், ஆவணக்காப்பு.

முன்னுரை
ரசிகரை வெறும் நுகர்வோராகக் காணும் பார்வையை ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட நூலில் மறுத்தார். மிஷேல் தெ செர்தோவின் சிந்தனையைத் தழுவி, பிறர் படைத்த பனுவலிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துப் புதியன ஆக்குபவர்களாக ரசிகர்களை அவர் விளக்கினார். அக்காலத்தில் ரசிகர் எழுத்து பெரிதும் அச்சிட்ட சிற்றிதழ்கள் வழியே பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் களம் இணையத்திற்கு மாறியது.

இணைப்பின் வழிகள்
1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற ஜியோசிட்டீஸ், கட்டணமின்றிப் பக்கம் அமைக்க இடமளித்தது. அவ்விடங்கள் பொருள்வாரியாகக் குடியிருப்புகள் எனப் பகுக்கப்பட்டன. அறிவியல் புனைவுக்கும் மிகைப்புனைவுக்கும் ‘ஏரியா51’, திரைப்படத்திற்கு ‘ஹாலிவுட்’ என்பன போன்று அவை பெயர்பெற்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டெண் உண்டு. எனவே ஒரு ரசிகரின் முகவரியே அவர் யாருக்கு அண்டையர் என்பதை உணர்த்தியது.

இரண்டாவது வழி வலைவளையம். சேஜ் வைல் 1995இல் உருவாக்கிய வெப்ரிங் இதற்குச் சான்று. ஒரே பொருள் பற்றிய தளங்கள் தம் பக்கத்தின் அடியில் ‘முந்தையது’, ‘அடுத்தது’ என்னும் இணைப்புகளைத் தாங்கின. இவ்வழியே சென்ற வாசகர் வளையத்தைச் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே திரும்பலாம். தேடுபொறிகள் வலுப்பெறாத நாளில் இதுவே வாசகர்க்கு வழிகாட்டி. வளையத்தில் சேரப் பொறுப்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்பதால், உறுப்பினர் என்னும் தகுதியையும் அது வரையறுத்தது.

மூன்றாவது வழி வருகையாளர் ஏடு. வந்து சென்றவர் தம் பெயரும் கருத்தும் பதிந்தார். தள உரிமையாளர் அவர்தம் தளத்திற்குச் சென்று மறுமொழி எழுதுவது மரபாயிற்று. ஆக, சமூகம் என்பது எந்த ஒரு தளத்திலும் இல்லை. தளங்களுக்கு இடைப்பட்ட போக்குவரவிலேயே இருந்தது.

உரிமைச் சிக்கல்கள்
இச்சமூகம் இருமுனை நெருக்கடிக்கு உள்ளாயிற்று. முதலாவது, பனுவல் உரிமை. 2000ஆம் ஆண்டின் இறுதியில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் ஹாரி பாட்டர் ரசிகர் தளங்களின் பெயர்களை ஒப்படைக்கக் கோரி மடல்கள் அனுப்பியது. பெற்றவருள் பள்ளிச் சிறாரும் இருந்தனர். ரசிகர்கள் ஒன்றுகூடி எதிர்த்தபின் நிறுவனம் தன் போக்கைத் தளர்த்தியது. சிதறிய தளங்கள் ஒரு சமூகமாகவே இயங்கின என்பதற்கு அவ்வெதிர்ப்பே சான்றாகும்.

இரண்டாவது, இட உரிமை. 1999இல் ஜியோசிட்டீஸை யாகூ வாங்கியது. பயனர் ஆக்கங்களின் மீது பரந்த உரிமை கோரும் விதியை அவ்வாண்டே வெளியிட்டு, எதிர்ப்புக்குப்பின் திருத்திக்கொண்டது. புதிய பக்கங்களுக்குக் குடியிருப்பு முகவரிகள் கைவிடப்பட்டன. அவற்றோடு அண்டைமை என்னும் பொருளும் நீங்கியது. 2009 அக்டோபரில் அமெரிக்கச் சேவையே மூடப்பட்டது. ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் குழு இயன்றவற்றைப் படியெடுத்து 2010இல் பொதுவில் வெளியிட்டது. முதல் நெருக்கடியை எதிர்க்க முடிந்த ரசிகர்களால் இரண்டாவதைத் தடுக்க இயலவில்லை. அவர்கள் குடியிருந்த நிலம் பிறருடையது.

மாற்றும் இழப்பும்
2007இல் ரசிகர்களே நிறுவிய இலாப நோக்கற்ற ‘ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் வொர்க்ஸ்’ இதற்கு விடைகண்டது. அதன் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ 2009 நவம்பரில் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. சேவையகமும் ரசிகர் உடைமையாதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. அழியும் நிலையிலுள்ள பழைய தொகுப்புகளையும் அவ்வமைப்பு ஏற்றுக் காக்கிறது. எனினும் கதைகளின் உரை காக்கப்படும் அளவிற்கு, அவை இடம்பெற்ற பக்கத்தின் வண்ணம், வளைய இணைப்பு, வருகையாளர் குறிப்பு ஆகியன காக்கப்படுவதில்லை.

முடிவுரை
தனிநபர் தளங்களைச் சமூகமாக்கியவை முகவரி, வளையம், வருகையாளர் ஏடு என்னும் இணைப்புக் கூறுகளே. ஏட்டுச்சுவடியின் மூலபாடத்தை மட்டும் பெயர்த்தெழுதி, ஓரக்குறிப்பையும் உடைமையாளர் பெயரையும் விட்டுவிட்டால் அச்சுவடியைப் பயின்றோர் வரலாறு மறைவது போல, இக்கூறுகளைத் தவிர்த்த இணைய ஆவணக்காப்பு படைப்பைத் தருமேயன்றி வாசகர் சமூகத்தைத் தராது. ஏற்புநிலை ஆய்வுக்கு இவையே முதன்மைச் சான்றுகள் என்பது இதனால் பெறப்படுகிறது.