முழங்கை மடித்து நிற்கும் கணவாய்

சந்தையிலிருந்து வந்த கணவாயை உம்மா துப்புரவு செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் உடலமைப்பு பாதி தெரிந்திருக்கும். குழல் போன்ற உடல், அதன் இரு பக்கமும் செட்டை, உள்ளே கண்ணாடி போன்ற மெல்லிய தண்டு, தலையிலிருந்து நீளும் கைகள். நிதானமாக எண்ணினால் கைகள் எட்டு. அவற்றுக்கிடையே ஒடுங்கி நீண்டவை இன்னும் இரண்டு. இவ்விரண்டையும் பரிசக்கொம்புகள் என்பர். எட்டிப் பாய்ந்து இரையைப் பிடிப்பவை இவை. பிடித்ததை இறுக்கி வாய்க்குக் கொண்டு செல்பவை எட்டுக் கைகள். பெரும்பாலான கணவாய்களில் இந்த வேலைப்பிரிவைக் காணலாம்.

இந்த ஒழுங்கிற்கு அடங்காத ஒரு கணவாய் ஆழ்கடலில் வாழ்கின்றது. அதன் விஞ்ஞானப் பெயர் மக்னாபின்னா. இலத்தீன் மொழியில் ‘மக்னா’ என்றால் பெரிய, ‘பின்னா’ என்றால் செட்டை. எனவே தமிழில் பெருஞ்செட்டைக் கணவாய் எனலாம். உடற்குழலின் பெரும்பகுதியைச் செட்டைகளே பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றை மெதுவாக அசைத்தபடி அது நீரில் மிதக்கின்றது.

ஆனால் பார்ப்பவரைத் திடுக்கிட வைப்பது செட்டையல்ல, கைகள்தான். முதிர்ந்த கணவாயில் பத்தும் ஒரே நீளம், ஒரே பருமன். எது கை, எது பரிசக்கொம்பு என்று படத்தைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. உடலிலிருந்து பக்கவாட்டில் நீளும் ஒவ்வொன்றும் சிறிது தூரத்தில் முழங்கையை மடித்தாற்போல் சட்டென வளைந்து, அதன்பின் நூல்போல் மெலிந்து கீழே தொங்குகின்றது. அவுஸ்திரேலியாவின் தெற்குக் கடலில் லேசர் ஒளியால் அளக்கப்பட்ட ஒன்றின் உடற்குழல் 15 சென்ரிமீற்றர்தான். கைகளோடு சேர்த்து அதன் நீளம் 1.83 மீற்றர். அதாவது உடலைப்போல் பதினொரு மடங்குக்கும் மேலான நூல்கள். வேறிடங்களில் படமாக்கப்பட்ட பெரியவை 7 மீற்றர் வரை நீண்டிருக்கலாம் என மதிப்பிட்டுள்ளனர்.

இவ்வளவு நீளமான நூல்கள் எதற்கு? நீர்மூழ்கிக் கலத்தில் இடித்த ஒரு கணவாய், ஒட்டிக்கொண்ட தன் கைகளை விடுவிக்கச் சிரமப்பட்டது. இளம் கணவாய்களின் கைகளில் மிக நுண்ணிய உறிஞ்சிகள் உள்ளன. இவற்றை வைத்து, சிலந்தி தன் வலையில் காத்திருப்பதுபோல, நூல்களைத் தொங்கவிட்டு அவற்றில் மோதும் சிற்றுயிர்களை இது பிடிக்கின்றது என்று கருதுகின்றனர். துரத்திப் பிடிக்க வலுவில்லாத உயிருக்கு இரை அரிதான அந்த இருளில் இது பொருத்தமான வழிதான். எனினும் இது ஊகமே.

இதைக் கண்டறிந்த கதையும் நேராகச் செல்லவில்லை. 1883இல் பிரெஞ்சுக் கப்பலான ‘தலிஸ்மான்’ அசோர்ஸ் தீவுகளை அண்டிய கடலில் பிடித்த சிதைந்த ஓர் உடல் 1907இல் விவரிக்கப்பட்டது. அப்போது அதனை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டனர். 1998இல் மைக்கல் வெக்கியோனி, றிச்சர்ட் யங் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கடலின் மேற்படையில் சிக்கிய சில குஞ்சுகளை ஆராய்ந்து இதற்கெனப் புதிய குடும்பத்தை வகுத்தனர். அதாவது கையில் இருந்தவை குஞ்சுகள் மட்டுமே. முதிர்ந்தவை கமராக்களில் மட்டுமே தோன்றின. குஞ்சுகளின் பெரிய செட்டையையும் படங்களில் தெரிந்த பெரிய செட்டையையும் ஒப்பிட்டே இரண்டும் ஒரே குடும்பம் என்ற முடிவுக்கு வந்தனர்.

இனி, இது எங்கே வாழ்கின்றது? 1988இல் பிரேசிலின் வடக்கே 4,735 மீற்றர் ஆழத்தில் ‘நோட்டில்’ என்ற பிரெஞ்சு நீர்மூழ்கிக் கலத்திலிருந்து இது படமாக்கப்பட்டது. 1998இல் நமது இந்து சமுத்திரத்தில், மொரிஷியசுக்குத் தெற்கே 2,340 மீற்றரில், ஜப்பானின் ‘ஷின்காய் 6500’ கண்டது. 2001இல் ஹவாய்க்கு அருகே 3,380 மீற்றர். 2007இல் மெக்சிக்கோ வளைகுடாவில் 2,386 மீற்றர். அங்கே படம் பிடித்தது எண்ணெய் அகழ்வு வேலைக்காக இறக்கப்பட்ட இயந்திரம். 2021இல் பிலிப்பைன் ஆழியில் 6,212 மீற்றர்; அந்தக் கலமோ இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய ஒரு கப்பலைத் தேடிச் சென்றது. கணவாய் எதுவும் வாழ்வதாகப் பதிவான ஆழங்களில் இதுவே மிகக் கூடியது.

இவற்றை வரைபடத்தில் குறித்தால் உலகெங்கும் சில புள்ளிகள் சிதறிக் கிடக்கும். ‘மிக அரிய கணவாய்’ என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் இரவில் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் பஸ்ஸின் யன்னலால் நாலைந்து இடங்களில் மட்டும் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இலங்கையில் மொத்தம் ஐந்து முயல்கள்தான் உண்டு என்று சொல்லலாமா? அந்தப் புள்ளிகள் கணவாயின் வாழிடத்தைவிட மனிதரின் கமரா போன இடங்களையே அதிகம் காட்டுகின்றன. எண்ணெய்க்காகவோ, மூழ்கிய கப்பலுக்காகவோ போன இடங்களும் அவற்றில் உள்ளன.

அவுஸ்திரேலியத் தெற்குக் கடலில் முறையாகத் தேடியபோது நிலைமை மாறியது. 2015, 2017 ஆண்டுகளின் ஆய்வுகளில் ஐந்து தனித்தனிக் கணவாய்கள் அங்கே படமாயின. அதற்கு முன் உலகம் முழுவதிலும் உறுதியாகப் பதிவான காட்சிகள் ஒரு டசின் அளவில்தான் இருந்தன. ஐந்தும் ஒன்றுக்கொன்று அதிக தூரத்தில் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. நூலை வளையமாகச் சுருட்டி இழுத்துக்கொள்ளும் அதன் பழக்கமும் அங்கேதான் தெரியவந்தது.

இந்தக் கேள்வி ஆய்வுகூடத்தோடு நின்றுவிடுவதில்லை. நமது தீவுக்குத் தெற்கே ஆழ்கடலில் அபனாசி நிகிதின் என்றொரு கடலடி மலை உண்டு. அதன் பாறைப் படைகளில் கோபால்ற்று இருப்பதால், அங்கே ஆராயும் உரிமை கோரி 2024இல் இந்தியா சர்வதேசக் கடற்படுகை அதிகார சபைக்கு விண்ணப்பித்தது. அந்தப் பகுதிக்கு இலங்கையும் உரிமை கோருகின்றது. மலை யாருக்கு என்ற விவாதம் பத்திரிகைகளில் நடக்கின்றது. அதன் சரிவுகளில் என்னென்ன உயிர்கள் உள்ளன என்ற பட்டியலை அந்த விவாதத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.