கல்லீரலும் களஞ்சியமும்

நமது உடலின் உள்ளுறுப்புக்களுள் மிகப் பெரியது கல்லீரல். வளர்ந்த மனிதரிடத்து இது ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ளது. வயிற்றின் வலது மேற்புறத்தில், விலா எலும்புகளின் பாதுகாப்பில் அமைந்துள்ளது. குடலில் உறிஞ்சப்பெறும் சத்துக்களில் பெரும்பகுதி இரத்தத்தின் வாயிலாக முதலில் வந்தடையும் இடம் இதுவே. சர்க்கரையைச் சேமித்து வைத்தல், இரத்தத்திற்கு வேண்டிய புரதங்களை ஆக்குதல், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரைச் சுரத்தல், நச்சுப் பொருள்களைச் சிதைத்தல் ஆகிய பணிகளை இவ்வுறுப்பு இடையறாது ஆற்றுகின்றது. ஆகவே, உணவோடு நன்மை வரினும் தீமை வரினும் அதனை முதலில் ஏற்பது கல்லீரலே ஆகும்.

கல்லீரல் நோய் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது மது ஒன்றுதான். மது கல்லீரலுக்குப் பெரும் பகை என்பதில் ஐயமில்லை. எனினும், அன்றாட உணவும் குடிநீரும் கூட அதனை அழிக்கக்கூடும் என்பதை நம் நாட்டு வரலாறே காட்டுகின்றது.

1974 ஆம் ஆண்டு தந்த பாடம்

1974 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ராஜஸ்தானத்தின் பான்ஸ்வாரா மாவட்டத்திலும், அதனை அடுத்த குஜராத்தின் பஞ்சமஹால் மாவட்டத்திலும் பல கிராமங்களில் ஒரு புதிய வியாதி தோன்றியது. நோயுற்றோருக்குக் கண்கள் மஞ்சளாயின. வயிற்றில் நீர் கோத்து வீங்கியது. 397 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 106 பேர் மாண்டனர். அவ்வீடுகளில் மிஞ்சிய உணவை உண்ட நாய்களுக்கும் இதே குறிகள் கண்டன, அவையும் மடிந்தன. மனிதரும் நாயும் ஒருங்கே நோயுற்றமை, காரணம் உணவில் உள்ளது என்பதற்கு ஒரு முக்கியமான தடயமாயிற்று.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர்கள் இதனை ஆராய்ந்தனர். அப்பகுதியில் மக்காச்சோளமே ஏழை மக்களின் முதன்மை உணவு. அவ்வாண்டு அறுவடைக் காலத்தில் பருவந்தவறிய மழை பெய்தது. நனைந்த கதிர்கள் நன்கு உலராமலே சேமிக்கப்பட்டன. அவற்றில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் படர்ந்து, அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்கிற்று. அந்தத் தானியத்தில் கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை இந்நஞ்சு காணப்பட்டது. இன்று நம் நாட்டில் தானியத்திற்கு அனுமதிக்கப்பட்டுள்ள உச்ச அளவோ கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் மட்டுமே. அதாவது, அக்குடும்பங்கள் உண்டது இவ்வளவைப் போல் பல நூறு மடங்கு. மிகுந்த அளவில் உண்டால் இந்நஞ்சு சில வாரங்களிலேயே உயிரைப் பறிக்கும். சிறிது சிறிதாக நெடுங்காலம் உட்கொண்டாலோ கல்லீரலில் புற்றுநோய்க்கு வழிகோலும். சாதாரணச் சமையல் வெப்பத்தில் இது முற்றிலும் அழிவதில்லை.

ஏறத்தாழ இதே ஆண்டுகளில், 1973 முதல் 1975 வரை, அப்போது மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த சர்குஜா மாவட்டத்தில் வேறொரு கேடு நேர்ந்தது. சாமையின் இனமான கோந்த்லி என்னும் சிறுதானியத்தோடு, வயலில் களையாக வளர்ந்த ஒருவகைக் கிலுகிலுப்பைச் செடியின் விதைகள் கலந்துவிட்டன. அவ்விதைகளின் நஞ்சு கல்லீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்தது. கண்டறியப்பட்ட 67 நோயாளிகளுள் 28 பேர் இறந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் எளிய மக்கள். பூசணம் பிடித்த தானியத்தைக் கொட்டிவிடுங்கள் என்று அவர்களுக்குக் கூறுதல் எளிது. வேறு உணவில்லாத வீட்டில் அவ்வறிவுரை நிறைவேறாது. ஆகவே, தானியம் களஞ்சியம் புகுமுன்னரே காத்தல்தான் உண்மையான பரிகாரம்.

எளிய சோதனை ஒன்று

தானியம் போதிய அளவு உலர்ந்துள்ளதா என்பதை உப்பைக் கொண்டு அறியலாம். ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியத்தையும், இரண்டு மூன்று கரண்டி நன்கு உலர்ந்த தூள் உப்பையும் இட்டு, மூடி, ஒரு நிமிடம் குலுக்குக. பின்னர்ப் பதினைந்து நிமிடம் அசையாது வைத்திடுக. உப்பு புட்டியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டால் தானியத்தில் ஈரம் 15 சதவிகிதத்திற்கு மேல் உள்ளதெனக் கொள்க. ஒட்டாவிடினும், நீண்டநாள் சேமிப்பிற்கு ஈரம் 13 சதவிகிதத்திற்குக் குறைதல் நன்று. ஆதலின் மேலும் ஓரிரு நாள் வெயிலில் உலர்த்துதல் தகும். பள்ளிகளில் மாணவர்கள் தத்தம் வீட்டுத் தானியத்தைக் கொணர்ந்து இச்சோதனையைச் செய்து பார்க்கலாம்.

கிராம மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவன

1. கதிர்களையும் நிலக்கடலையையும் வெறுந்தரையில் குவிக்காது, பாய் அல்லது தார்ப்பாயின்மீது பரப்பி உலர்த்துக. மூட்டைகளை மரச்சட்டங்களின் மேல், சுவரை ஒட்டாது அடுக்குக.

2. பூசணம் பூத்த, நிறம் மாறிய, சுருங்கிய மணிகளையும் பருப்புக்களையும் பொறுக்கி நீக்குக. அவற்றைக் கறவை மாடுகளுக்கும் இடலாகாது. நஞ்சு பாலின் வழியே குழந்தைகளை அடையும்.

3. களை விதைகளைப் புடைத்தும் சலித்தும் அகற்றுக.

4. ஒரே தானியத்தை நம்பியிராமல் பல தானியங்கள், பருப்பு, கீரை ஆகியவற்றை மாற்றி உண்க. ஒன்றில் நஞ்சிருப்பினும் அதன் அளவு குறையும், புரதமும் பெருகும்.

நீரும் தடுப்பூசியும்

1955 ஆம் ஆண்டின் இறுதியில் தில்லியில் யமுனை நீரோடு கழிவு நீர் கலந்து, ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. பிற்காலத்தில் இத்தகைய கொள்ளைநோய்க்குக் காரணம் ஹெபடைடிஸ் ‘ஈ’ வைரஸ் எனத் தெளிவாயிற்று. கருவுற்ற பெண்களுக்கு இது பெரிதும் ஆபத்தானது. கொதிக்கவைத்த நீரைப் பருகுதலும், மலம் கழித்தபின் சோப்பினால் கை கழுவுதலும் இதற்குக் காப்பாகும். ஹெபடைடிஸ் ‘பி’ வைரஸோ இரத்தத்தின் வழியாகவும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவுவது. இதற்குரிய முதல் தடுப்பூசியைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் இடுதல் வேண்டும். 2011 ஆம் ஆண்டு முதல் இத்தடுப்பூசி நாடெங்கும் அரசின் திட்டத்தில் அளிக்கப்பட்டு வருகின்றது.

மிகுதியால் வரும் கேடு

பஞ்சத்தால் மட்டுமன்றி மிகுதியாலும் கல்லீரல் கெடும். சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த உணவும், உடலுழைப்பின்மையும், உடற்பருமனும், நீரிழிவும் சேர்ந்தால் கல்லீரலில் கொழுப்புப் படிகின்றது. அதன் எடையில் ஐந்து சதவிகிதத்திற்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது நோயெனக் கருதப்படும். பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் வலி ஏதும் இராது. இந்நிலையில் கல்லீரலுக்குத் தன்னைத் தானே சீர்ப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் உண்டு. பருமனானவர் தம் எடையில் பத்தில் ஒரு பங்கைப் படிப்படியாகக் குறைத்தால் படிந்த கொழுப்பும் வீக்கமும் பெரிதும் தணியும். வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி நேரம் விரைந்து நடத்தல் நலம் பயக்கும். மதுவை அறவே விலக்குதல் வேண்டும். பாரசிட்டமால் முதலிய மருந்துகளை அளவுக்கு மிஞ்சி உண்பதும், இன்னதெனத் தெரியாத சூரணங்களை நெடுநாள் உண்பதும் தீங்கு தரும்.

கண் மஞ்சளாதல், சிறுநீர் கருத்தல், வயிறு வீங்குதல் ஆகிய குறிகள் தோன்றின், பத்தியம் என்று பட்டினி கிடத்தாமல், உடனே மருத்துவரை அணுகச் செய்க. ஓர் ஊரில் பலருக்கு இவை ஒரே காலத்தில் காணின், களப் பணியாளர் அவ்வூர்க் கிணற்றையும் குதிரையும் பார்ப்பதோடு, வீட்டுப் பிராணிகள் நலமாக உள்ளனவா என்றும் வினவுதல் வேண்டும். விசாரித்ததை அன்றே சுகாதார நிலையத்திற்கு அறிவித்திடல், பல உயிர்களைக் காக்கும் கடமையாகும்.