குறைந்த செலவில் நல்ல காபித்தூள்: நூறு கிராமில் தொடங்குங்கள்

காபித்தூள் விலை சமீப காலமாக எந்த வேகத்தில் ஏறியது என்பது மளிகைக் கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். பிரேசிலில் மழை பொய்த்தது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காபி பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. நம் தெருக்கோடிக் காபிக் கடையின் விலைப்பலகையும் அழித்து அழித்து எழுதப்பட்டது. இந்த நேரத்தில் "இன்னும் நல்ல காபியாகக் குடிக்கலாமே" என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் வரும். ஆனால் இப்போது கொடுக்கிற காசுக்கு என்ன வாங்குகிறோம் என்பது தெரிந்தாலே பாதிக் காரியம் முடிந்துவிடும். கேட்க வேண்டியவை மூன்று: சிக்கரி எவ்வளவு, என்ன கொட்டை, எப்போது வறுத்தது. ஃபில்டரில் டிகாஷன் இறக்கிப் பால் கலந்து குடிப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

1. முதலில் வீட்டில் இருக்கும் பாக்கெட்டைப் படியுங்கள்

சிக்கரி கலந்த தூள் என்றால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட்டாக வேண்டும். காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது, கிட்டத்தட்டப் பாதி சிக்கரியாக இருந்தாலும் அது சட்டப்படி சரியான சரக்குதான். இன்ஸ்டன்ட் குடிப்பவர்களும் இதே வரியைத் தேடுங்கள். அன்றாடம் விற்பவற்றில் பல சிக்கரி கலந்தவைதாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. விலைகள் உதாரணத்துக்குத்தான். கிலோ 500 ரூபாய்க்கு ஒரு பாக்கெட், அதில் காபி 53 சதவீதம். பக்கத்திலேயே கிலோ 650 ரூபாய்க்கு இன்னொன்று, காபி 80 சதவீதம். பார்த்தவுடன் கை முதல் பாக்கெட்டுக்குத்தான் போகும். ஆனால் அதில் கிடைப்பது 530 கிராம் காபி. காபிக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் கிலோ 943 ரூபாய் விழுகிறது. இரண்டாவதில் 800 கிராம் காபி, கிலோ 812 ரூபாய்தான். சிக்கரிக்கும் ஒரு விலை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது காபியைவிட எவ்வளவோ மலிவான கிழங்கு வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைவதை வறுத்துப் பொடித்துச் சேர்க்கிறார்கள். காபீன் துளியும் கிடையாது.

இதனால் சிக்கரியை வில்லனாக்க வேண்டாம். டிகாஷனுக்குக் கருநிறமும் கெட்டித்தன்மையும் லேசான கசப்பினிப்பும் தருவது அதுதான். நம்மில் பலருடைய நாக்கு பழகியிருக்கும் "காபி ருசி"யில் ஒரு பங்கு சிக்கரியினுடையது. 15, 20 சதவீதம் வரை விரும்பிச் சேர்த்துக்கொண்டால் தப்பில்லை. 40 சதவீதத்துக்குப் போனால் காபியின் மணம் காணாமல் போகும்.

2. கொட்டையின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

வறுத்து அரைத்துத் தரும் கடைகளில் கண்ணாடிப் பெட்டிகளிலும் டின்களிலும் நாலைந்து பெயர்கள் எழுதியிருக்கும். புதிதாகப் போகிறவர் மிரள்வது இங்கேதான்.

பிளான்டேஷன் என்றால் பழத்தின் தோலும் சதையும் நீக்கித் தண்ணீரில் கழுவிப் பதப்படுத்திய அராபிகா. செரி என்றால் பழத்தோடு அப்படியே வெயிலில் காயவைத்து, பிறகு உடைத்தெடுத்தது. ஏ, பி, சி என்பதெல்லாம் சல்லடையில் சலித்துப் பிரித்த அளவு. அதை ருசிக்கான மார்க் என்று நினைத்துவிடாதீர்கள். ஏ பெரிய கொட்டை, பி கொஞ்சம் சிறியது. சாதாரணமாக ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் தட்டையான பக்கம் ஒட்டியபடி இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டும் உருண்டையாக விளையும். அந்த உருண்டைக் கொட்டைதான் பீபெரி.

பீபெரி என்றாலே உசத்தி என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும், அது நல்ல குணம்தான். ஆனால் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கும்போது அதற்கும் பிளான்டேஷன் ஏ-வுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புதியவர்கள் கண்டுபிடிப்பது கஷ்டம். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் பீபெரிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பிளான்டேஷன் பி கிடைத்தால் அதுவே போதும்.

ரோபஸ்டா வேறு இனம். தாழ்வான மலைச்சரிவுகளிலும் விளையும், நோய் தாங்கும், காபீன் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. மணம் குறைவு, கசப்பும் கெட்டித்தன்மையும் அதிகம். பெரும்பாலும் விலையும் குறைவு. "ரோபஸ்டாவா, அது மட்டம்" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. பாலில் கலந்து குடிப்பவருக்கு அது மட்டமில்லை. பாலை மீறிக்கொண்டு காபி தெரிய வேண்டுமானால் கொஞ்சம் ரோபஸ்டா இருப்பது நல்லது. சிக்கரி செய்கிற வேலையில் பெரும்பகுதியை ரோபஸ்டாவிடம் கொடுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம். கழுவிப் பதப்படுத்திய ரோபஸ்டாவை பார்ச்மென்ட் என்பார்கள். கடையில் அது இருந்தால் செரியைவிட அதையே கேளுங்கள்.

ஊர்ப் பெயரைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். இந்தியக் காபியில் சுமார் 70 சதவீதம் கர்நாடகத்தில், குடகு, சிக்கமகளூர், ஹாசன் பக்கம் விளைகிறது. நம் பக்கம் ஏற்காடு, கொடைக்கானல் கீழ்மலையின் தாண்டிக்குடி, வால்பாறை, கூடலூர். கலப்பில் எந்தத் தோட்டத்துச் சரக்கு என்பது பல கடைக்காரர்களுக்கே தெரியாது.

3. கடையில் என்ன கேட்பது

முதல் தடவை 100 கிராம் மட்டும் வாங்குங்கள். அரைக் கிலோ வாங்கினால் பிடிக்காவிட்டாலும் தீர்க்க வேண்டியிருக்கும். பிடித்திருந்தாலும் கடைசிக் கால் கிலோ மணமிழந்து போயிருக்கும். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும்:

"அண்ணே, பிளான்டேஷன் ஏ 70, ரோபஸ்டா 30. நூறு கிராம் போதும். ஃபில்டருக்கு அரைச்சுக் குடுங்க."

"சிக்கரி எவ்ளோ சார் போடட்டும்?"

"இப்ப வேண்டாம்ணே."

"சிக்கரி இல்லேன்னா திக்கா வராது சார்."

"பரவால்ல, ஒரு தடவை பாத்துடறேன்."

கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சிக்கரி ஈரத்தில் ஊறித் தண்ணீர் இறங்குவதைத் தாமதப்படுத்தும். அது இல்லாவிட்டால் டிகாஷன் வேகமாக, சற்று நீர்த்து இறங்கும். அதற்குப் பரிகாரம் தூளை ஒரு பிடி நைஸாக அரைப்பதும், ஃபில்டரில் கொஞ்சம் அழுத்தி வைப்பதும்தான். மாவாக அரைத்துவிட்டால் ஓட்டை அடைத்துக்கொள்ளும். விரலிடுக்கில் தேய்த்தால் நறநறவென்று லேசாகத் தட்டுப்பட வேண்டும்.

அரைப்பதற்கு முன் கொட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், எண்ணெய் கசியாமல் இருந்தால் மிதமான வறுவல். கறுத்து, எண்ணெய் பளபளத்தால் கடும் வறுவல். கடும் வறுவல் சிலருக்குப் பிடிக்கும், ஆனால் மட்டமான கொட்டையின் குறையை மறைக்கவும் அது உதவும். தொடங்குகிறவர்களுக்கு மிதமானதே நல்லது. "எப்ப வறுத்தது?" என்று கேளுங்கள். நேற்று, முந்தாநாள் என்றால் சந்தோஷமாக வாங்கலாம். மூன்று வாரம் ஆகிவிட்டது என்றால் வேறு கடை பார்க்கலாம். "தெரியாது" என்றாலும் அப்படித்தான்.

மிஷினையும் ஒரு கண் பாருங்கள். முன்னால் வந்தவர் நாற்பது சதவீதம் சிக்கரி போட்டு அரைத்திருந்தால் அதில் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும். உங்கள் நூறு கிராமில் அது தெரியத்தான் செய்யும். கூட்டமில்லாத நேரத்தில் போனால், தட்டிக் காலி செய்துவிட்டு அரைக்கச் சொல்லலாம். அரைத்த தூள் சூடாக விழும். உடனே சீல் வைத்தால் உள்ளே வியர்க்கும். ஆறியதும் மூடச் சொல்லுங்கள். தெருவே மணக்கிறது என்பதற்காக ஒரு கடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காற்றில் போகிற மணம் தூளில் மிஞ்சாத மணம்.

4. வீட்டில் சோதித்துப் பாருங்கள்

கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, தூளை அரை ஸ்பூன் மேலாகத் தூவுங்கள். கலக்க வேண்டாம். காபித்தூளில் எண்ணெய்ப் பசை இருப்பதால் மிதந்துகொண்டே இருக்கும். சிக்கரி இருந்தால் சில நொடிகளில் அது பழுப்புக் கோடுகளை இழுத்தபடி கீழே இறங்கும், தண்ணீர் நிறம் மாறும். எத்தனை சதவீதம் என்று இதில் தெரியாது. சிக்கரி வேண்டாம் என்று சொன்ன பிறகும் கலந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பிறகு டிகாஷன். ஃபில்டரில் 20 கிராம் தூள், அதாவது குவித்து இரண்டு மேசைக்கரண்டி, போட்டு மட்டப்படுத்தி லேசாக அழுத்துங்கள். கொதித்து அடங்கிய தண்ணீர் 120 மில்லி ஊற்றி மூடிவிடுங்கள். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். கீழே 80 மில்லி கிடைக்கும். இரண்டு டம்ளருக்கு அது சரியாக இருக்கும். கால் மணி நேரத்தில் இறங்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டால் தூள் கொரகொரப்பு அதிகம். ஒரு மணி நேரமாகியும் சொட்டிக்கொண்டிருந்தால் நைஸ் அதிகம். அதே தூளில் மறுபடியும் வெந்நீர் ஊற்றி இரண்டாம் டிகாஷன் எடுக்கும் பழக்கம் சிக்கனம் மாதிரித் தெரியும். ஆனால் வருவது கசப்புத் தண்ணீர்தான்.

பால் சேர்ப்பதற்கு முன் ஒரு ஸ்பூன் டிகாஷனில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குடித்துப் பாருங்கள். புளிப்பா, கசப்பா, கருகல் வாடையா? கருகல் என்றால் வறுவலைக் குறைக்கச் சொல்ல வேண்டும். கசப்பு என்றால் ரோபஸ்டாவை 20-க்கு இறக்கலாம். பால் ஊற்றியதும் காபியே தெரியவில்லை என்றால் 40-க்கு ஏற்றலாம், அல்லது 10 சதவீதம் சிக்கரி சேர்க்கலாம். அடுத்த தடவை ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கொட்டை, வறுவல், சிக்கரி மூன்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் ருசி மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. கள்ளிச்சொட்டு மாதிரி டிகாஷன் இறங்கும் கலவை உங்கள் வீட்டுக்கு எது என்பது இப்படித்தான் பிடிபடும். பிடிபட்டதும் அதைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஆள் மாறினாலும் கலவை மாறாது.

5. எடுத்து வைப்பது

அரைத்த தூள் பத்து நாளுக்குள் தீர்வது நல்லது. காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். ஈர ஸ்பூன் போடாதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்துத் தினம் எடுத்தால் ஈரம் கோத்துக்கொள்ளும், மற்ற வாடையும் ஏறும்.

6. எதில் மிச்சம் பிடிக்கலாம்

கிலோவுக்கு 200 ரூபாய் கூடுதலான தூளுக்கு மாறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டம்ளருக்கு 10 கிராம் என்றால் கூடுவது 2 ரூபாய். தினம் நான்கு டம்ளர் போடும் வீட்டில் மாதம் 240 ரூபாய். அதுவும் கட்டுப்படியாகாது என்றால் காலைக் காபிக்கு மட்டும் புதுத் தூள், சாயங்காலத்துக்குப் பழைய தூளே என்று வைத்துக்கொள்ளுங்கள், செலவு பாதியாகிவிடும்.

மிஷின், புதுவகை ஃபில்டர், பளபளக்கும் கெட்டில் எதையும் இப்போது வாங்காதீர்கள். நம் எவர்சில்வர் ஃபில்டரே போதும். காசு மிச்சமிருந்தால் பின்னால் ஒரு கை அரவை மிஷின் வாங்கலாம். கொட்டையாக வாங்கி அன்றன்று அரைத்தால் வரும் மாற்றம் வேறு எதிலும் வராது. தோட்டத்தின் பெயர், வறுத்த தேதி எல்லாம் போட்டு இணையத்தில் விற்கும் விலையுயர்ந்த காபிகள் நல்லவைதாம். ஆனால் அவற்றில் இளவறுவலாக இருப்பவை பால் சேர்த்தால் புளிக்கும். வாங்கினால் மிதமான வறுவலுக்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். சுற்றுலா போன மலையூரில் "தோட்டத்துக் காபி" என்று எழுதிய பாக்கெட்டையும் வீட்டுப் பாக்கெட்டைப் போலவே திருப்பிப் படியுங்கள். சிக்கரி சதவீதம் அதிலும் இருக்கக்கூடும்.

கடைசியாக ஒரு வார்த்தை. "சிக்கரி எவ்வளவு, எப்போது வறுத்தது" என்று கேட்டால் நின்று பதில் சொல்கிற கடையை விட்டுவிடாதீர்கள், கிலோவுக்கு இருபது முப்பது ரூபாய் கூட இருந்தாலும். இந்தக் கேள்விக்கே முகம் சுளிக்கிற கடையில் பீபெரியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.