முடிவிலி

பூந்தமல்லியை அடுத்துள்ள ஊர் சென்னீர்குப்பம். அதற்கு மேற்கே சில கல் தொலைவில் செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கிறது. அவ்வேரி நிரம்பி நிற்குங்கால் அதில் எத்தனை துளி நீர் இருக்கும்? எண்ணி முடிக்க ஒருவர் வாழ்நாள் போதாது. ஆயினும் அத்துளிகளின் தொகை ஓர் எண்ணே; அதனோடு ஒன்றைக் கூட்டினால் அதனினும் பெரிய எண் கிடைத்துவிடும். கணித நூலார் கூறும் முடிவிலியோ எத்துணைப் பெரிய எண்ணும் அன்று. 1, 2, 3 என எண்ணிச் செல்லுங்கால் இறுதி எண் என ஒன்று இல்லாமையே அதன் முதற் பொருள். ∞ என்னும் குறியை அதற்கு 1655-ஆம் ஆண்டில் வழங்கியவர் ஜான் வாலிஸ் என்னும் ஆங்கிலேயர்.

இச்சொல் கணிதத்தின் எல்லாத் துறைகளிலும் ஒரே பொருளில் வழங்குவதன்று. ஆவடி இருப்புப் பாதையை நோக்குவார்க்குத் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுகூடுவன போலத் தோன்றும். பள்ளியிற் பயிலும் வடிவ கணிதத்தில் இணைகோடுகள் ஒருநாளும் சந்திப்பதில்லை. வீழ்ப்பு வடிவ கணிதத்திலோ, முடிவிலியில் உள்ள ஒரு புள்ளியில் அவை சந்திப்பதாகக் கொள்வர். அங்கே முடிவிலி ஓர் இடம்.

ஒரு கரும்பில் பாதியையும், எஞ்சியதில் பாதியையும், மீண்டும் எஞ்சியதில் பாதியையும் ஓயாது கூட்டிச் சென்றால், அத்தொகை முழுக் கரும்பை மேன்மேலும் நெருங்கும். ஒருபோதும் அதனை விஞ்சாது. அவ்வெல்லையையே அம்முடிவிலாத் தொடரின் கூட்டுத்தொகை என்பர். இங்கே முடிவிலி ஓயாத ஒரு நடை.

பந்தியில் இலைக்கு ஒருவராக அமர்ந்து, இலையும் எஞ்சாது, ஆளும் எஞ்சாதிருப்பின், எண்ணாமலே இரண்டும் சமம் எனலாம். ஜெர்மானிய அறிஞர் கேண்டர் இம்முறையை முடிவிலாக் கணங்களுக்கும் கையாண்டார். 1-க்கு 2, 2-க்கு 4, 3-க்கு 6 என இணைத்தால், இரட்டை எண்களும் இயல் எண்களும் அளவால் ஒத்தனவாகின்றன. ஆனால் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட மெய்யெண்களை இவ்வாறு இணைத்து முடித்தல் இயலாது என 1874-இல் அவர் நிறுவினார். முடிவிலியிலும் சிறியதும் பெரியதும் உண்டு என்பது இதனால் புலனாயிற்று.

முடிவிலித் தொடர்களில் திளைத்த தமிழ்நாட்டு மேதை சீனிவாச இராமானுசன். அவர் 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்பதன் மதிப்பு யாது என 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் வினவினார். விடை கூறுவார் இலராக, அவரே விடையை வெளியிட்டார். விடை 3. எவ்வாறெனில், 3 என்பது 1 + 2 × 4 என்பதன் வர்க்கமூலம். அந்த 4, 1 + 3 × 5 என்பதன் வர்க்கமூலம். அந்த 5, 1 + 4 × 6 என்பதன் வர்க்கமூலம். இவ்வொழுங்கு ஓயாது செல்கின்றது.

1 + 2 + 3 + … என்னும் தொடரின் மதிப்பு −1/12 என்றும் அவர் கண்டார். இலண்டன் பேராசிரியர் ஹில், 1912-இல் இராமானுசனின் தாள்களை நோக்கி, விரியும் தொடர்களில் அவர் இடறிவிட்டார் எனக் கருதினார். வழக்கமான கூட்டலின்படி அம்முடிவு பொருந்தாது. தொகை எல்லையின்றிப் பெருகும். ஆயினும் கூட்டுத்தொகை என்பதற்கு வேறொரு வரையறை கொள்ளின் அது பொருந்தும். ரீமன் 1859-இல் ஆராய்ந்த சார்பும் அம்மதிப்பையே தருகின்றது. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராயிருந்த இராமானுசன், 1913-இல் இதனைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி அவரது ஆற்றலை உணர்ந்தார். முறையான நிறுவல்களையும் வேண்டினார். 1914-இல் இராமானுசன் இங்கிலாந்து சென்றார்; 1918-இல் அரசு கழக உறுப்பினரானார்; 1920-இல் தம் முப்பத்திரண்டாம் வயதிலேயே சென்னையில் மறைந்தார்.

ஒரே முடிவு ஒரு வரையறையில் பிழையாகவும், மற்றொன்றில் உண்மையாகவும் நிற்கக் கூடும். ஆதலின் முடிவிலியைப் பற்றிப் பேசப் புகுவோர், தாம் எத்துறையில் நின்று எப்பொருளில் பேசுகின்றனர் என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும்.